ஒரு நிமிடம் பிடித்த தூண்டில்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முதல் காரணம் சோம்பல், அதை நான் மறைப்பதில்லை. இரண்டாவது காரணம், எழுதினால் அப்பா எப்படியும் படித்துவிடுவார், படித்தால் இத்தனை வருடமாக நான் வாயைத் திறக்காமல் வைத்திருந்த ஒரு விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் போன வாரம் ஒரு வீட்டில் ஹீட்டர் பழுது பார்க்கப் போனபோது (அதுதான் இப்போது என் தொழில், காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டவனுக்கு வேறென்ன கிடைக்கும்) கராஜில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓர் அலுமினியப் படகைத் தொட்டேன், உள்ளங்கையில் அந்தக் குளிர் ஏறியது, அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் விடிகாலையில் அலுமினியப் படகில் உட்கார்ந்தால் முதலில் மரத்துப்போவது விரல் அல்ல, பின்பக்கம். அதற்குப் பிறகுதான் மூக்கு, காது, விரல் எல்லாம். பனிமூட்டம் தண்ணீர்மேல் பால் பொங்கி வழிந்தது மாதிரி கிடக்கும், கரை மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும் என்பது நமக்குத் தெரியுமே தவிரக் கண்ணுக்குத் தெரியாது, பெட்ரோலும் மீன் கவிச்சியும் ஃபிளாஸ்க்கில் வந்த இஞ்சி டீயும் கலந்த ஒரு வாசனை ஜாக்கெட்டில் ஏறிக்கொண்டு தீபாவளி வரைக்கும் இறங்காது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஜூலையில்தான் டெக்ஸாஸிலிருந்து நியூஜெர்சிக்கு, பிரிட்ஜ்வாட்டரில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்திருந்தோம். அப்பாவின் ப்ராஜெக்ட் மாறினால் எங்கள் மாநிலமே மாறும், அது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா ஈரோட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, சிவப்பு விளக்குக்கு ஒரு தெருவுக்கு முன்னாலேயே பிரேக் போடுகிறவர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் தூண்டில். டெக்ஸாஸில் ஞாயிறு தவறாமல் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், கெண்டை வந்தாலும் சரி கெளுத்தி வந்தாலும் சரி, முகத்தில் ஆபீஸில் பார்க்க முடியாத ஒரு வெளிச்சம் இருக்கும்.

நியூஜெர்சியில் பக்கத்துக் கதவு செல்வம் அங்கிள். தூத்துக்குடிக்காரர், அப்பாவை முதல் நாளிலிருந்தே "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டார். அவர் பையன் பிரபுவுக்கு என் வயது. இங்கேயே பிறந்தவன், தமிழில் திட்டினால் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். மாநிலத்தின் வடக்கே, காரில் ஒரு மணி நேரத்தில், பெரிய ஏரி ஒன்று இருக்கிறது என்றும், அதில் இரண்டு மீன்களுக்காகவே மனிதன் உயிர் வாழலாம் என்றும் சொன்னவர் செல்வம் அங்கிள்தான். ஒன்று பெர்ச், மஞ்சள் உடம்பில் பச்சைப் பட்டை போட்டது, அவர் வைத்த பெயர் "வரிப்புலி". மற்றது வால்ஐ, கலங்கல் தண்ணீரிலும் பார்க்கத் தெரிந்த, மேலே ஆடை படிந்த மாதிரி மினுங்கும் பெரிய கண்ணுள்ள மீன். அதற்குப் பெயர் "கண்ணாடிக்காரன்". வரிப்புலி சின்னப் பிள்ளைக்கும் மாட்டும், கண்ணாடிக்காரன் மாட்ட மாட்டான். கோடை முழுக்க ஆழத்தில் பதுங்கிக் கிடப்பவன், இலை பழுத்துத் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும், பனிக்காலத்துக்குக் கொழுப்பு சேர்க்கக் குட்டி மீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு மேட்டுப் பக்கம் ஏறி வருவான். அந்த ஐந்தாறு வாரத்தை விட்டால் அடுத்த வருடம்தான்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஐந்தாறு வாரத்தில் பாதிக்குமேல் புரட்டாசி. கண்ணாடிக்காரனும் பெருமாளும் ஒரே மாதத்தைப் பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருந்தபோதே அம்மா புரட்டாசியில் முட்டை போட்ட கேக்கைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள், இங்கே பத்து நிமிட டிரைவில் வேங்கடேஸ்வரர் கோவில் வந்துவிட்ட பிறகு கேட்க வேண்டுமா. போதாதற்கு அந்த வருடம் ஒரு நேர்த்திக்கடனும் சேர்ந்துகொண்டது.

கிரீன் கார்டு. அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரிசையில் ஒரு தேதியைக் கொடுத்துவிட்டு உட்காரச் சொல்வார்கள். அந்தத் தேதி வரும் மாதத்தில் கதவு திறக்கும், அப்போதுதான் கடைசி விண்ணப்பத்தைப் போட முடியும். திறந்த கதவு அடுத்த மாதமும் திறந்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். அந்த அக்டோபரில் எங்கள் தேதி வந்தது. அம்மா உடனே பெருமாளிடம் பேசி முடித்துவிட்டாள்: புரட்டாசி முடியும்வரை வீட்டில் மீன் இல்லை, அப்பா தூண்டிலையும் தொடமாட்டார். அப்பாவும் தலையாட்டினார். புது மாநிலத்தில் மீன்பிடி லைசன்ஸ் வாங்க வேண்டும் அல்லவா, அதையும் "ஐப்பசி பொறக்கட்டும், வாங்கிக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பா ஃபாரங்களைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தார். அதில் ஒரு கேள்வி: எந்தச் சட்ட அதிகாரியிடமாவது எப்போதாவது பிடிபட்டதுண்டா, குற்றச் சீட்டு வாங்கியதுண்டா? அப்பா "இல்லை" கட்டத்தில் டிக் போட்டார். போட்டதை ஊதிக் காயவைத்தார். பால்பாயிண்ட் பேனாவில் போட்டதை ஊதினார் என்பதைக் கவனிக்கவும், அவ்வளவு பயம். கவரை ஒட்டி அம்மா பெருமாள் படத்தடியில் வைத்தாள். மறுநாள் கடைசிப் புரட்டாசிச் சனி, பூஜை முடியட்டும், திங்கட்கிழமை வக்கீலுக்குப் போகட்டும் என்று ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமைக்குத்தான் செல்வம் அங்கிள் படகு புக் பண்ணியிருந்தார். சீசனில் வாடகைக்குப் படகு கிடைக்கும் கடைசி வாரம் அது, தனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது என்று வேறு சொல்லிவிட்டார். அம்மா கோவிலில் தளிகை சமைக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அனுமதி கொடுத்தாள்.

"படகு மட்டும் ஓட்டுங்க. கை நனையாம வாங்க."

"நான் டிரைவர்தான் கண்ணு" என்றார் அப்பா.

டிரைவர் என்றால் டிரைவர். பின்னால் மோட்டார்ப் பிடியில் அப்பா, அவருக்கு எதிரே நான், நடுவில் செல்வம் அங்கிள், படகின் மூக்குப் பக்கம் எங்களைப் பார்த்தபடி பிரபு. பிரபுவுக்கும் எனக்கும் லைசன்ஸ் தேவையில்லை, பதினாறுக்குக் கீழே. அங்கிளின் லைசன்ஸ் ஜாக்கெட்டில் மெடல் மாதிரி குத்தியிருந்தது. அப்பாவிடம் மட்டும் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்தான் மீன் பிடிக்கவில்லையே.

பிடிக்கவில்லை என்று பெயர், கண் முழுக்க எங்கள் ராடு நுனியில்தான். பிரபு இரண்டு வரிப்புலி எடுத்தான், நான் ஒன்று எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் தோள் தானாக மேலே போய் இறங்கியது. பொறுக்க முடியாமல் வாய் ஆரம்பித்தது.

"கதிரு, அடியத் தொட்டுட்டு ஒரு சாண் தூக்கு. வெடுக்குன்னு இழுக்காதறா. செல்வம், உங்க லைன் ரொம்ப லூசா இருக்குதுங்க."

"அண்ணாச்சி, கையி சும்மா இருக்கு, வாயி மீன் புடிக்குது" என்றார் அங்கிள். "வாய்க்கும் லைசன்ஸ் கேக்கப்போறான் பாருங்க."

"அங்கிள், ஹி இஸ் கோச்சிங்" என்றான் பிரபு.

அப்போதுதான் எனக்கு மாட்டியது. தண்ணீர் குளிர்ந்தபின் கண்ணாடிக்காரன் வெடுக்கென்று இழுக்கமாட்டான் என்று அங்கிள் சொல்லியிருக்கிறார், ஈரத்துண்டு ஒன்றை யாரோ அடியில் மாட்டிவிட்ட மாதிரி சும்மா கனக்கும். கனத்தது. நான் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன், துண்டு மெதுவாகத் தலையை ஆட்டியது. வரிப்புலி இல்லை என்று தெரிந்துவிட்டது. கத்தியிருக்க வேண்டும், கூத்தாடியிருக்க வேண்டும். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அந்த நேரம் கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கழுத்து மட்டும் கொக்கு மாதிரி நீண்டிருந்தது. எனக்குள்ளிருந்த குரங்கு ஒரு யோசனை சொன்னது. அப்பா கையில் இதைக் கொடுத்தால் என்ன செய்வார்? பெருமாளா, மீனா? சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

"அப்பா, கை மரத்துப்போச்சு. ஒரு நிமிஷம் இதப் புடிங்க."

வாங்கினார். வாங்கிய அதே நொடியில் ராடு வில்லாக வளைந்தது.

"டேய்! மீன் இருக்குதுறா! இந்தா புடி! புடிறா!" என்று வாயால் மூன்று தடவை சொன்னார். கை திருப்பித் தரவில்லை. கை ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தது. விட்டுக்கொடுத்து, நிறுத்தி, மறுபடி சுற்றி, அப்பாவின் முகத்தில் டெக்ஸாஸ் ஞாயிற்றுக்கிழமை முழுசாக வந்துவிட்டது. அங்கிள் வலையைத் தூக்கிக்கொண்டு, "விடாதீங்க அண்ணாச்சி, விடாதீங்க, தலை தெரியுது!" என்று தூத்துக்குடிக்கே கேட்கிற மாதிரி கத்தினார். வலைக்குள் வந்து விழுந்தது என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் தாண்டிய ஒரு கண்ணாடிக்காரன், பித்தளை நிறம், முதுகு முள்ளை விரித்துக்கொண்டு, அந்தக் கண்ணால் எங்கள் எல்லோரையும் ஒரே சமயத்தில் பார்த்தது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிரபுதான் முதலில் பார்த்தான். "டூட்" என்றான், நாணல் பக்கம் கையைக் காட்டினான்.

நாணல் மறைவிலிருந்து ஒரு படகு மெதுவாக வந்துகொண்டிருந்தது. சைரன் இல்லை, அவசரம் இல்லை. பச்சை ஜாக்கெட், இடுப்பில் துப்பாக்கி, கழுத்தில் பைனாகுலர். மீன்பிடி லைசன்ஸ் பார்க்கும் நடுவயதுப் பெண் அதிகாரி. அந்த பைனாகுலரைப் பார்த்ததும் என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"நைஸ் ஃபிஷ்" என்றார் அவர், உண்மையாகவே ரசித்து. பிறகு அங்கிளின் லைசன்ஸைப் பார்த்தார். எங்கள் வயதைக் கேட்டார். "ட்வெல்வ்" என்றேன். "ட்வெல்வ் அண்ட் எ ஹாஃப்" என்றான் பிரபு, அந்த நேரத்திலும் அரை வயதை விடாமல். பிறகு அவர் அப்பா பக்கம் திரும்பினார். ராடு இன்னும் அப்பா கையில்தான் இருந்தது.

அப்பா சட்டைப் பைக்குள் கையை விட்டு ஜிப்லாக் பை ஒன்றை எடுத்தார். அது இல்லாமல் அவர் குப்பை கொட்டக்கூடப் போகமாட்டார். டிரைவிங் லைசன்ஸைக் கொடுத்தார். பாஸ்போர்ட் காப்பியைக் கொடுத்தார். விசா ஒப்புதல் கடிதத்தின் காப்பியை, போன வருடத்துக் கடிதத்தின் காப்பியை, கம்பெனி அடையாள அட்டையை, ஒவ்வொன்றாக, இரண்டு படகுக்கும் நடுவிலிருந்த தண்ணீருக்கு மேலே நீட்டி நீட்டிக் கொடுத்தார். இந்த நாட்டில் தான் இருப்பதற்கான எல்லாக் காகிதமும் அதில் இருந்தது. ஏரியில் ராடு பிடிப்பதற்கான காகிதம்தான் இல்லை. அந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். வலைக்குள் மீன் செவுளைத் திறந்து திறந்து மூடியது.

அங்கிள் உதட்டை அசைக்காமல், பல்லைக் காட்டிச் சிரித்தபடியே, தமிழில் சொன்னார்: "அண்ணாச்சி, பையன் புடிச்சதுன்னு சொல்லுங்க. பையனுக்கு லைசன்ஸ் வேண்டாம்லா. அதோட முடிஞ்சது."

நான் குதித்துவிட்டேன். "ஐ காட் இட்! இட்ஸ் மை ஃபிஷ்!"

பாதி உண்மைதானே. அதிகாரி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்பாவிடம் மட்டும் கேட்டார், சாதாரணக் குரலில்: "சார், வெர் யூ ஃபிஷிங்?"

இப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, எத்தனையோ கெட்ட நிமிடங்களைப் பார்த்திருக்கிறேன், அந்த மாதிரி ஒன்றை அப்புறம் பார்த்ததில்லை. ஆம் என்றால் சீட்டு, சீட்டு என்றால் பெருமாள் படத்தடியில் இருக்கும் கவருக்குள் ஊதிக் காயவைத்த அந்த டிக் பொய். இல்லை என்றால் ஓர் அதிகாரியின் முகத்துக்கு நேரே பொய், அதுவும் பைனாகுலரில் பார்த்த அதிகாரியிடம். பத்து வருட வரிசை, மூன்று வீடு மாறல், அம்மா படித்த படிப்புக்கு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த இருப்பு, எல்லாம் அப்பாவின் நாக்கு நுனியில் நின்றது. மோட்டார் அணைந்திருந்தது. படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சொல்லிவிடலாமே, நான்தான் விளையாட்டுக்குக் கையில் திணித்தேன் என்று? வாயைத் திறந்தேன். பல் அடித்துக்கொண்டதே தவிர ஒன்றும் வரவில்லை.

"யெஸ் மேடம்" என்றார் அப்பா. "ஒன் மினிட் ஒன்லி. பட் யெஸ்." பிறகு உடனேயே, "மே ஐ ரிலீஸ் தி ஃபிஷ், மேடம்? ப்ளீஸ். இட் இஸ் அவர் ஹோலி மந்த்."

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினார். அப்பா ஜாக்கெட்டை மடக்கிவிடக்கூட இல்லை, இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, மீனைத் தாங்கிப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் ஆனது. வால் ஒரு தடவை அசைந்தது, பிறகு கை காலியானது.

அங்கிள் கடைசி முயற்சி செய்தார். "மேடம், ஹி இஸ் எ வெரி குட் மேன்."

"ஐ கேன் சீ தட்" என்றார் அவர். எழுதுவதை நிறுத்தவில்லை.

திரும்பி வரும்போது ஃபிரீவேயில் அப்பா வலது ஓரத்து லேனை விட்டு மாறவே இல்லை, லாரிக்காரன்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போனான். செல்வம் அங்கிள் ஒரு ஜோக் ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். பிரபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பேசினால் எல்லாம் வெளியே கொட்டிவிடும் என்று தூங்குகிற மாதிரி நடித்தேன்.

அம்மா கோவிலிலிருந்து லட்டோடு வந்திருந்தாள். அப்பா ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "கை நனைஞ்சிருச்சு." சீட்டை நீட்டினார். அம்மா அழுவாள், கத்துவாள் என்று நான் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அம்மா சீட்டை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, "பேரெல்லாம் ஒழுங்கா எழுதியிருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பெருமாள் படத்தடியிலிருந்த கவரை அவளே எடுத்து அப்பா கையில் கொடுத்தாள்.

வக்கீல், இது பெரிய குற்றமில்லை, விளக்கக் கடிதம் ஒன்றை இணைத்து இந்த மாதமே அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னாராம். அப்பா கேட்கவில்லை. கோர்ட்டில் முடிந்தது என்கிற காகிதம் கைக்கு வரட்டும், அரைகுறையாக அனுப்பிக் கேள்வி வரக்கூடாது என்றார். விளக்கக் கடிதத்தை மட்டும் அன்றே எழுதி, இங்கிலீஷைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். வீட்டில் நல்ல ஸ்பெல்லிங் என்னுடையதுதான், சிரிக்காதீர்கள். மூன்றாவது வரியில், "என் மகனிடமிருந்து தூண்டிலை நானே எடுத்தேன்" என்று இருந்தது. நானே எடுத்தேன். நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஒரு கமா விட்டுப்போயிருந்தது, போட்டேன். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

கோர்ட் காகிதம் வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் கதவு மூடிவிட்டது. எங்கள் தேதி பின்னால் போனது, கொஞ்சநஞ்சம் அல்ல, வருடக்கணக்கில். செல்வம் அங்கிள் குடும்பம் சான் ரமோனுக்குப் போய்விட்டது. அம்மா ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதிப் பட்டியலைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், குக்கர் வைப்பாள். பிள்ளைக்கு இருபத்தொன்று முடிவதற்குள் வராவிட்டால் பிள்ளை அந்த வரிசையிலிருந்தே விழுந்துவிடுவான் என்பது சட்டம். எனக்குப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று ஏற ஏற, என் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது வீட்டில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. அவர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத்துண்டின் கனம் கையில் வரும். இருபத்தொன்றுக்கு நாலு மாதம் இருக்கும்போது கார்டு வந்தது. இன்டர்வியூ எடுத்த குடியேற்ற அதிகாரி மீன் கடிதத்தைப் படித்துவிட்டு, எவ்வளவு பெரிய மீன் என்று கேட்டாராம். அப்பா கையை விரித்துக் காட்டினாராம். அவ்வளவுதான் கேள்வி. நான் காலேஜை விட்டது அதற்கெல்லாம் அப்புறம், அதற்கு மீன் காரணமில்லை, அந்தப் பெருமை முழுக்க எனக்கே.

இப்போது அந்த ஏரியில் நாங்கள் படகு எடுத்த கொட்டகை இல்லை, அந்த இடத்தில் ஏதோ ரெஸ்டாரன்ட் வந்துவிட்டது. நாணல் பக்கமெல்லாம் வீடுகள். கண்ணாடிக்காரன் இருக்கிறான், இலை பழுத்ததும் வருகிறான் என்று சொல்கிறார்கள். வராதவர் அப்பாதான். வருடம் பிறந்ததும் முதல் வேலையாக மீன்பிடி லைசன்ஸ் வாங்கி, பிரின்ட் எடுத்து, ஜிப்லாக் பைக்குள் வைத்துக்கொள்கிறார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஏரிக்குப் போகவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "குளிருதுறா" என்றார், ஆகஸ்ட் மாதத்தில்.

அப்பாவிடம் காட்டுவதற்குமுன் யாரிடமாவது காட்டிவிடலாம் என்று இதை பிரபுவுக்கு அனுப்பினேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் முழுவதையும் வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன், நான்தான் மீனோடு கொடுத்தேன் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் சொதப்பியது. இன்று காலை அவனும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான், ஒரே வரி, அவனுடைய ஓட்டைத் தமிழில்:

"டேய், நீ ராடு குடுக்கறதுக்கு முன்னாடியே உங்கப்பா கைய பேன்ட்ல தொடச்சிட்டு ரெடியா இருந்தாரு, நான் பாத்தேன்."